ஒருத்தனுக்குத்தான் இடம்

கிழக்கு வெளுக்குமுன்பே இருசப்பன் உப்புப் பாத்தியில் இறங்கிவிட்டான். வெயில் ஏறினால் உப்பின் வெளுப்பு கண்ணைக் கூசவைக்கும். அதற்குள் வாரி வரப்பில் குவித்தாக வேண்டும். நீளக் கழியின் முனையிலிருந்த பலகையை எட்டிப் போட்டு இழுத்தான். திரண்ட உப்பு நறநறவென்று வந்தது. உள்ளங்கால் வெடிப்புகளில் உப்புநீர் ஏறிச் சுட்டது. அது பழகிய எரிச்சல். பழகாத எரிச்சல் பக்கத்துப் பாத்தியில் நின்றது.

சகாதேவன் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தான்.

கூடவே வேலைக்கு வந்த நாளிலிருந்து வெறுங்காலில் நின்றவன். கேட்டால் மாமனார் வாங்கிக் கொடுத்தாராம். மகளுக்கு ஒரு பொட்டுத் தங்கம் போடாத மாமனார் மருமகனுக்குப் பூட்ஸ் வாங்குவாரா? போதாததற்கு விசில் வேறு. அந்த விசில்தான் இருசப்பனைத் தின்றது.

சுனாமிக்குப் பிறகு வந்த முதல் கோடை அது. உப்பளத்தில் கடல் கொட்டிவிட்டுப் போன சேற்றை அள்ளிய நாட்களுக்கு முதலாளி ராஜாங்கம் பாதிக் கூலி கொடுத்தார். உப்பு விளைந்த பிறகும் அந்தப் பாதியே நின்றுவிட்டது. பஸ்ஸில் புதுச்சேரி போனால், வழியில் கோட்டக்குப்பத்தில் துபாய்ப் பணத்தில் எழும்பிய மாடிகள். பார்க்கிறவன் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அன்று சாயங்காலம் இருசப்பன் சகாதேவன் பின்னாலேயே போனான். ரோட்டோர டீக்கடையில், வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவனிடம் குசுகுசுவென்று பேசிவிட்டுச் சகாதேவன் கிளம்பினான். அவன் தலை மறைந்ததும் இருசப்பன் போய் நின்றான். வெள்ளைச் சட்டை ஒரு ஏஜென்ட். துபாயில் பெரிய கம்பெனியாம். சுனாமி பாதித்த ஊர்களுக்குத் தனி கோட்டாவாம். மெடிக்கல் டெஸ்டில் காலில் புண் இருக்கக் கூடாதாம். இந்த ஊருக்கு ஒரே சீட்டு. அது சகாதேவனுக்கு முடிந்துவிட்டதாம்.

“அவனுக்கு மூச்சு வாங்கும் சார், பாரம் தூக்கமாட்டான். எனக்குக் குடுங்க” என்றான் இருசப்பன். நாக்கு கூசவில்லை.

ஏஜென்ட் யோசிப்பதுபோல் டீயை உறிஞ்சினான். “சரி. அவனை எடுத்துட்டு உன்னைப் போடறேன். யார்கிட்டயும் சொல்லாத. கண்ணு பட்டுடும்.”

அதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அளத்தில் உப்பு நன்றாகத் திரண்டிருந்தாலும், கேட்டால் “இன்னும் தண்ணிதான்” என்பார்கள். நல்லது நடக்கப்போகிறதென்றால் நடந்து முடியும்வரை வாய் திறக்கமாட்டார்கள். ஏஜென்ட் ஊரை நன்றாகப் படித்திருந்தான்.

ஏஜென்ட் கேட்ட முன்பணத்துக்காகக் கம்மலைக் கழற்றிக் கொடுக்கும்போது மனைவி மலர்கொடி கேட்டாள், அந்த ஆளுக்கு ஆபீஸ் எங்கே இருக்குது, ரசீது கொடுத்தானா என்று. கேள்வி கேட்டால் சீட்டு வேறொருவனுக்குப் போய்விடும் என்று அவள் வாயை அடைத்தான். மறுநாளிலிருந்து சகாதேவனின் விசில் அவன் காதுக்கு இனித்தது. ஊதுடா, ஊது.

வேன் வருவதாகச் சொன்ன விடியலில், பையோடு ரோட்டுக்கு வந்தான். அங்கே சகாதேவன் சூட்கேசோடு நின்றான்.

“எங்கடா?” என்றான் இருசப்பன்.

“சும்மா. புதுச்சேரி வரைக்கும். நீ?”

“நானும்தான்.”

புளியமரத்துக்குப் பின்னால், அளத்தில் உப்புக் கூடை சுமக்கும் பாஞ்சாலை, புதுப் புடவையில். கொஞ்ச நேரத்தில் அளத்து ஆட்கள் இன்னும் சிலர். ஒருத்தருக்கு ஆஸ்பத்திரி, ஒருத்தருக்குக் கல்யாணம். எல்லார் கண்ணும் ஒரே ரோட்டைப் பார்த்தன. வெயில் ஏறியது. டீக்கடை போனிலிருந்து அடித்தால் ஏஜென்டின் செல் அணைந்து கிடந்தது.

பாஞ்சாலைதான் முதலில் உடைத்தாள். “வேன் வராது. ஊருக்கு ஒரு சீட்டு, அது எனக்குன்னான். உங்களுக்கெல்லாம் என்னா சொன்னான்?”

எல்லாருக்கும் அதையேதான் சொல்லியிருந்தான். இருசப்பனுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்றுதான் மறைத்தேன் என்று சகாதேவன் முணுமுணுத்தான்.

“உன் சீட்டைத்தான்டா கேட்டு வாங்கினேன்” என்றான் இருசப்பன். “உனக்கு மூச்சு வாங்கும்னு சொன்னேன்.”

சகாதேவன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். “எனக்கு? பாத்தியில எறங்கு. யாருக்கு வாங்குதுன்னு பாக்கலாம்.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அளத்துக்குத் திரும்பினார்கள். வரப்பில் ராஜாங்கம் நின்றிருந்தார். சேதி அவருக்கு முன்னமே போயிருந்தது.

“வாங்க ஷேக்கு. ஒட்டகத்தை எங்க கட்டினீங்க?” என்றார். “சொல்லாம ஓடினவங்களுக்கு இனி இந்தக் கூலியும் கெடையாது. இன்னும் கொறச்சுத்தான்.”

“சேறு அள்ளத்தான் பாதிக் கூலின்னீங்க. இப்ப உப்பு வார்றோம். முழுசாக் குடுங்க” என்றான் சகாதேவன்.

“முழுசா வேணும்னா துபாய்க்கே போ.”

பிறகு இருசப்பனை மட்டும் உப்புக் குவியலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். “ஏம்பா, நீ வெவரமானவன். உன்னை மேஸ்திரியாப் போட்டுடறேன், உனக்கு முழுக் கூலி. ஒருத்தனுக்குத்தான் இடம். அவங்ககிட்ட மூச்சு விடாத.”

இருசப்பன் மனசு ஒரு கணம் அந்தப் பக்கம் சாய்ந்தது. வரப்பில் தான் நடக்க, கீழே சகாதேவன் வாருவதுபோல் ஒரு படம் ஓடியது. உடனே பிடிபட்டது. டீக்கடையில் கேட்ட அதே பேச்சு. சட்டைதான் வேறு.

குவியலைச் சுற்றி வெளியே வந்தான். “எனக்கு மட்டும் மேஸ்திரி வேலை, முழுக் கூலியாம். உங்ககிட்ட சொல்லக் கூடாதாம்” என்றான், கடைசிப் பாத்திவரை கேட்கும்படி.

வேலையில் இருந்தவர்களும் நிமிர்ந்தார்கள். பாஞ்சாலை கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். பலகைகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. அன்று அதன்பிறகு யாரும் பாத்தியில் இறங்கவில்லை. எத்தனை நாள் வயிறு தாங்கும் பார்க்கிறேன் என்று ராஜாங்கம் மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

போலீசுக்குப் போனால் ஊர் சிரிக்கும் என்று யாரோ இழுத்தார்கள். “சிரிக்கட்டும். சொல்லாம இருந்தா அடுத்த ஊர்லயும் கம்மலைக் கழட்டுவான்” என்றாள் பாஞ்சாலை. கூட்டமாகவே ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். இன்ஸ்பெக்டர் இல்லை, வெளியே இருங்கள் என்றார் காவலர். வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

உச்சிவெயிலில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். வானூர்ப் பக்கத்து முகங்கள். வாசலைப் பார்ப்பதும் தயங்கித் திரும்புவதுமாக இருந்தார்கள். அந்தப் பெண்ணின் காதில் கம்மலுக்குப் பதில் வேப்பங்குச்சி செருகியிருந்தது.

இருசப்பன் எழுந்து போனான். “துபாய் சீட்டுன்னு எங்களை ஏமாத்திட்டாங்க. ரசீதுகூட கேக்காம நானே வலியப் போய்க் குடுத்தேன்” என்றான். “நீங்களும் வந்து உக்காருங்க. சேந்தே சொல்லலாம்.”

புருஷன் தலைகுனிந்து நின்றான். அந்தப் பெண்தான் முதலில் நிழலுக்கு வந்தாள். சகாதேவன் நகர்ந்து இடம் கொடுத்தான்.