ஒரு சாண் உயரம்

நட்பு நாடு கப்பலில் அனுப்பிய மாவைச் சாப்பிட்டவர்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நடந்தார்கள். முதல் வாரம் ஊரே வாயைப் பிளந்தது. அடுத்த வாரம் பழகிவிட்டது. செருப்புத் தைப்பவருக்குத்தான் பிழைப்பில் மண். மூட்டைமேல் குலுக்கிக்கொள்ளும் இரண்டு கைகளை அச்சடித்திருந்தார்கள். அரசாங்கம் அந்த நாட்டுக்கு உற்ற தோழன் என்பதால் மாவோடு விமானங்களும் வந்தன. மலையில் ஒளிந்திருந்த கிளர்ச்சிக்காரர்களைத் தேடிப் போன ஒரு விமானம், ஆற்றங்கரை நூல் ஆலைமேல் குண்டு போட்டுவிட்டுத் திரும்பியது.

ரொட்டிக்கடைக்காரியின் தம்பி மனைவி அங்கேதான் வேலை பார்த்தாள். இடிபாட்டில் அவளைத் தேடிய தம்பியின் கையில் ஒரு இரும்புத் துண்டு அகப்பட்டது. அதிலும் அதே இரண்டு கைகள். அன்றிலிருந்து அவன் கால் தரையில் பட்டது. அக்கா எத்தனை ரொட்டி ஊட்டியும் அவன் எழும்பவில்லை.

மலைக்காரர்கள் வைத்த குண்டு தலைநகரில் வெடித்தபோது, இவ்வளவு மாவு கொடுத்தும் ஏன் இந்த ஆத்திரம் என்று ஆராய நட்பு நாட்டு நிபுணர் ஒருவர் வந்தார். கால் தரையில் படுகிறவர்களைப் பிடித்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். மலைக்காரர்களும் அப்படிப்பட்டவர்களைத்தான் தேடினார்கள். ரொட்டி வாங்க வந்த மலைக்காரன் ஒருவன் தம்பியின் காலைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை சந்தையில் ஒரு பையை வைத்துவிட்டு வர வேண்டும் என்றான். தம்பி தலையாட்டினான். அடுப்புக்குப் பின்னால் நின்ற அக்கா, அவன் போனதும் முன்னால் வந்தாள்.

"சந்தைக்கும் யாரோ ஒருத்தன் பொண்டாட்டி வருவாடா."

"என் பொண்டாட்டிக்கு யாருக்கா பாவம் பாத்தாங்க?"

நியாயமான கேள்விதான்.

வியாழக்கிழமை காலை ராணுவ வண்டிகள் தெருமுனைக்கு வந்துவிட்டன. அவள் மாவு நிறுக்கும் எடைக்கற்களை எல்லாம் துணியில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வாசலில் கால் பதித்து நின்றாள். எதிர்வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டாள். இஸ்திரிக்காரர் பெட்டியைத் தோளில் மாட்டினார். நிறைமாதக்காரியான டீச்சர் தனக்கு எதுவும் தேவையில்லை என்று சிரித்தாலும் இரண்டு செங்கல் எடுத்துக்கொண்டாள். அதிகாரி தெரு முழுக்கக் கால்களைப் பார்த்தபடி நடந்தார். எல்லாக் காலும் தரையில். தெருவையே தூக்கிக்கொண்டு போக வண்டி போதாது என்று தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினார்.

தம்பி அக்காவின் இடுப்பிலிருந்து முடிச்சை அவிழ்த்தான். தோல் கன்றிப்போயிருந்தது.

"எதுக்குக்கா இதெல்லாம்?"

"நீ ஒருத்தன் மட்டும் கீழ நின்னா எப்படிடா?"

மனைவி போன நாளிலிருந்து அழாதவன் அக்கா மடியில் விழுந்து அழுதான். மறுநாள் மலைக்காரன் வந்தபோது தம்பி மாவு பிசைந்த கையைக்கூடக் கழுவாமல், "நான் வரலண்ணே, வேற யாரையும் அனுப்பாதீங்க" என்றான். வந்தவன் முறைத்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனான்.

கற்களை இறக்கி வைத்த பிறகும் அந்தத் தெருவில் யாரும் மேலே எழும்பவில்லை. மாவு கெட்டுவிட்டது போலும் என்று நிபுணர் முதல்தர மாவாக அனுப்பிவைத்தார். அதையும் சுட்டு, தரையில் நின்றபடியே சாப்பிட்டார்கள். ரொட்டி நன்றாகத்தான் இருந்தது.