நான்கு எண்ணும் வரை மௌனம்

லேப் அக்காவின் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. பதினெட்டு வருஷமாக ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுக்கிறாள். நரம்பே அகப்படாத கையில்கூட ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் இன்று மேடைக்குப் பின்னால், பாட்டு ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி வெடவெடத்து நின்றாள்.

காரணம் இருக்கிறது. கடைசிப் பாட்டின் நடுவே ஓர் இடத்தில், நான்கு எண்ணும் வரை சேர்ந்திசைக் குழுவின் முப்பது பேரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். போன கச்சேரியில் மூன்றிலேயே இவள் ஒருத்தி மட்டும் "ஆ" என்று கிளம்பிவிட்டாள். அதோடு விட்டாளா? நாக்கைக் கடித்து, நெற்றியில் படீரென்று வேறு அடித்துக்கொண்டாள். அரங்கமே சிரித்தது. நாத்தனார் அதை ஃபோனில் எடுத்து, சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்பிவைத்தாள், புண்ணியவதி.

"தப்பு பண்றது பெரிசில்லை," என்றார் அன்று குழுவை நடத்தும் மாஸ்டர். "முகத்துல காட்டினீங்க பாருங்க, அதான் பெரிசு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களை வச்சுக்க முடியாதும்மா."

வாரம் முழுக்க அடுத்தவர் வலிக்கு முகம் கொடுக்கிறவள் அவள். செவ்வாய்க்கிழமை ஒத்திகை ஒன்றில்தான் வாய்விட்டு மூச்சு விடுகிறாள். அதுவும் போய்விட்டால் என்ன செய்வது?

இன்றும் மாஸ்டர் ஒப்பித்துக்கொண்டிருந்தார். "முழங்காலை விறைச்சுக்கிட்டு நிக்காதீங்க, மயக்கம் வரும். சொந்தக்காரங்களைப் பார்த்துக் கை ஆட்டாதீங்க. பக்கத்துல யாரு தப்பு பண்ணினாலும் திரும்பக் கூடாது. கண்ணு என் கை மேலயே இருக்கணும்."

"காதுல விழுந்துச்சா?" என்று டீச்சர் இவளைப் பார்த்துக் கேட்டாள். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். குழுவிலேயே எண்ணிக்கை பிசகாதவள். 'இவங்களை என் பக்கத்துல நிறுத்தாதீங்க' என்று போன வாரம் மாஸ்டரிடம் சொன்ன மகராசி. உயரத்தின்படி வரிசை என்பதால் வேறு வழியில்லாமல் இவளுக்கு இடப்பக்கம் நின்றாள்.

மேடை ஏறினார்கள். மூன்றாம் வரிசையில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள், கையில் ஃபோன் தயார். பாவி!

கடைசிப் பாட்டு வந்தது. மாஸ்டரின் கை இறங்கியது. மௌனம்.

ஒன்று. லேப் அக்கா பல்லை இறுகக் கடித்துக்கொண்டாள். இரண்டு.

"ஆ!"

தன்னந்தனியாக, கணீரென்று ஒரு குரல். ஐயோ, நானா? நாக்கால் துழாவிப் பார்த்தாள். பல் கடித்தது கடித்தபடியே இருந்தது. அப்படியானால் குரல் இடப்பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. டீச்சர்!

அரங்கமோ பழைய ஞாபகத்தில் இவளைத்தான் பார்த்தது. நாத்தனாரின் ஃபோன் உயர்ந்தது. மாஸ்டரின் கண்ணும் இவள் மேல்தான். இடப்பக்கம் ஒரே ஒரு பார்வை பார்த்தால் போதும், பழி விலகிவிடும். கழுத்து திரும்பத் துடித்தது. திரும்பவில்லை. மூன்று. மாஸ்டரின் கையையே பார்த்தாள். நான்கு. கை எழுந்தது; எல்லோரோடும் சேர்ந்து வாயைத் திறந்தாள்.

முடிந்ததும், உடை மாற்றும் அறையில் மாஸ்டர் நேரே இவளிடம் வந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

"இப்பவும் முந்திட்டீங்க," என்றார் அவர். "ஆனா முகத்துல ஒண்ணுமே காட்டலை பாருங்க, அசந்துட்டேன். செவ்வாய்க்கிழமை வந்துடுங்க."

செய்யாத தப்புக்குப் பாராட்டு! இடம் தப்பியது, ஆனால் வயிறு எரிந்தது. 'அது நான் இல்லை மாஸ்டர்' என்பது நாக்கு நுனி வரை வந்தது. டீச்சரைப் பார்த்தாள். குனிந்து ஃபைலில் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்த டீச்சரின் கை கிடுகிடுவென்று நடுங்கியது. ஒரு தாள் கீழே விழுந்தது.

"சரிங்க மாஸ்டர்," என்றாள் லேப் அக்கா.

அவர் போனதும் தாளை எடுத்துக் கொடுத்து, டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கிளினிக்கில் தினமும் சொல்வது தானாக வந்தது. "மூச்சை நல்லா இழுத்து விடுங்க. அவ்வளவுதான், முடிஞ்சுது."

டீச்சர் தலை நிமிரவில்லை. "இனிமே என்னை உங்க பக்கத்துல நிக்க விடுவீங்களா?" என்றாள்.

"நில்லுங்க, நில்லுங்க," என்றாள் லேப் அக்கா. கோபம் இன்னும் தணியவில்லை. "ஆனா வெளியில என் நாத்தனார் ஃபோனோட நிக்கிறா. அவகிட்ட நீங்களே வந்து சொல்லணும்."