எந்த பாஷையில் சொன்னார்கள்

பூங்குழலி வங்காளம் கற்றது ஒரு லாட்ஜில். வேலூரில் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த அந்த லாட்ஜில் அவள் சாவி கொடுக்கும் வேலை பார்த்தாள். வைத்தியத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்கும் வங்காளிகளோடு பேசிப் பேசியே பாஷை வந்துவிட்டது. பிறகு முறையாகப் படித்து ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் சேர்ந்தாள். ஆஸ்பத்திரிகள் கூப்பிட்டால் போய், நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவே நின்று பேச வேண்டும். எதையும் கூட்டக்கூடாது, எதையும் விடக்கூடாது. பேசுகிறவர் 'நான்' என்றால் அவளும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்த பாடம் இது.

ஒருநாள் அவளைக் கூப்பிட்டது ஷெஃபாலி என்ற பெண்ணுக்காக. அவள் கணவன் நிமாய் பேரணாம்பட்டில் ஒரு தோல் கம்பெனியில் வேலை செய்தவன். வேலை நேரத்தில் மயங்கி விழுந்தான் என்று போன் வந்ததும், கட்டிய புடவையோடு வங்காளத்திலிருந்து ரயிலேறி வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். கம்பெனி சூப்பர்வைசர் முனிரத்தினம் கதவோரம் நின்றிருந்தார்.

டாக்டர் ஜெயசீலன் மெதுவாகத்தான் பேசினார். "ரெண்டு கிட்னியும் போய்ட்டுதும்மா. ரத்தத்துல கிருமி பரவிடுச்சு. டயாலிசிஸ் பண்ணிப் பார்த்தோம், உடம்பு தாங்கல. இனிமே எங்களால காப்பாத்த முடியாது."

பூங்குழலி அதை வங்காளத்தில் சொன்னாள். ஷெஃபாலி டாக்டரைப் பார்க்கவில்லை. சொன்ன வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா?"

"பொழைச்சிருக்கலாம்," என்றார் டாக்டர். "ரெண்டு மாசம் முன்னாடி பேரணாம்பட்டு கிளினிக்லயே சொல்லியிருக்காங்க, ஒரு வாரத்துக்குள்ள வேலூர் போயாகணும்னு. அவர் வரல."

"சொன்னாங்களா? எந்த பாஷையில சொன்னாங்க?"

டாக்டர் கதவுப் பக்கம் திரும்பினார். முனிரத்தினம் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

வராந்தாவில் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். ஷெஃபாலியோடு வெளியே வந்த பூங்குழலியைக் கண்டதும் கையைப் பிசைந்தார். "அன்னிக்கு நான்தாம்மா கூடப் போனேன். எனக்குத் தெரிஞ்ச இந்தில சொன்னேன். அவனுக்கு இந்தியும் கம்மிதான். மாத்திரை சாப்பிடு, ஒரு வாரம், வேலூர் போன்னு சொன்னேன். தலைய ஆட்னான். புரிஞ்சுடுச்சுன்னு இருந்துட்டேன். கால் வீக்கம் வத்திப் போச்சா, அவனும் பேசாம வேலைக்கு வந்துட்டான். அந்தப் பொண்ணாண்ட சொல்லும்மா. மன்னிச்சுக்கச் சொல்லு."

அவருக்குப் பூங்குழலியின் அப்பா வயது. அவர் சொன்னதை ஒன்று விடாமல் ஷெஃபாலியிடம் சொன்னாள். ஷெஃபாலி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு வாயிலிருந்து அதை எடுத்தாள். நிறுத்தாமல் பேசினாள்.

இதை எப்படிச் சொல்வது? பாதியை விழுங்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் பாதி விழுங்கப்பட்டதால்தான் உள்ளே ஒருவன் செத்துக்கொண்டிருக்கிறான். பூங்குழலி முனிரத்தினத்தின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"போன்ல என்னாண்ட சொன்னாரு, மாத்திரை கேக்கலைன்னாதான் வேலூர் போகணுமாம்னு. அதை நம்பி நானும் சும்மா இருந்துட்டேன். பாஷை தெரியாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, யாரையாவது தேடிப் போயிருப்பாரே. தெரிஞ்ச மாதிரி எதுக்குப் பேசுனீங்க? என் புருஷனை நீங்கதான் கொன்னீங்க. உங்களை நான் மன்னிக்க மாட்டேன்."

சொல்லும்போது பூங்குழலியின் குரல் உடைந்தது. முனிரத்தினம் கேட்டுக்கொண்டார். "சரிம்மா," என்றார். ஷெஃபாலியிடம் இல்லை, பூங்குழலியிடம்.

மறுநாள் விடியற்காலையில் நிமாய் இறந்தான்.

உடலை ஊருக்குக் கொண்டுபோக வழியில்லாமல் பாலாற்றங்கரையிலேயே எரித்தார்கள். நிறுவனம் அனுப்பாமல் தானாகவே பூங்குழலி போயிருந்தாள். வெட்டியான் சொன்னதை ஷெஃபாலிக்குச் சொல்ல யாராவது வேண்டுமே. "கடைசியா முகத்தைப் பார்த்துக்கச் சொல்லும்மா," என்றார் அவர். அதைச் சொன்னாள். ஷெஃபாலி பார்த்துக்கொண்டாள்.

காட்பாடி ஸ்டேஷனில் ரயில் வரும்வரை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். "இதுவரைக்கும் மத்தவங்க சொன்னதைத்தான் சொன்னே," என்றாள் ஷெஃபாலி. "நீ ஏதாவது சொல்லு." பூங்குழலி வாயெடுத்தாள். வங்காளத்திலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை. அழுகைதான் வந்தது. ஷெஃபாலிதான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அடுத்த மாதம் அந்தத் தோல் கம்பெனியே அவளுடைய மொழிபெயர்ப்பு நிறுவனத்தோடு பேசி ஏற்பாடு செய்தது. இப்போது வாரம் ஒருநாள் பூங்குழலி பேரணாம்பட்டுக்கு பஸ் ஏறுகிறாள். ரசாயன டிரம்களின் மேல் எச்சரிக்கைகள் வங்காளத்திலும் இருக்கின்றன. உடம்பு முடியாதவர்கள் அவளோடு கிளினிக்குக்குப் போகிறார்கள். போன மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை கண்ட ஒருவனை நேரத்தோடு வேலூருக்கு அனுப்பினார்கள், பிழைத்துக்கொண்டான். கம்பெனி முதலாளி அவளைக் கூப்பிட்டு நன்றி சொன்னார்.

முனிரத்தினம் மட்டும் அவளிடம் பேசுவதில்லை. அவள்மேல் கோபம் என்று இல்லை. அவளுக்கு டீ வந்ததா என்று ஆள் விட்டு விசாரிப்பார். ஆனால் ஷெட்டுக்குள் அவள் குரல் கேட்டாலே, கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் பின்கதவு வழியாக வெளியே போய்விடுவார்.