முன்னால் சாப்பிட்டவள்

"நீ முதல்ல தின்னு."

தட்டில் கேழ்வரகுக் களி ஆவி பறக்க இருந்தது. நடுக்குழியில் ஊற்றிய அவரைக்கொட்டைக் குழம்பு வழிந்து ஓரத்துக்கு வந்துவிட்டது. தீர்த்தகிரி சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு நாள் பட்டினி அவன் கண்ணில் தெரிந்தது. ஆனாலும் கை தட்டுக்குப் போகவில்லை.

காவேரி அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மாமியார் குள்ளம்மாள் அகப்பையும் கையுமாக நின்றிருந்தாள்.

"புருசன் தின்னாம பொண்டாட்டி வாய் வைக்கறதா? எங்க வமிசத்துலயே கேட்டதில்லடி!"

அந்த ஊரில் பெண்கள் சாப்பிடுவதை யாரும் பார்த்தது கிடையாது. ஆண்கள் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, நாய்க்கும் ஓர் உருண்டை போட்ட பிறகு, புருஷன் தின்ற தட்டிலேயே அடுப்பைப் பார்த்து உட்கார்ந்து வழித்துத் தின்பது பெண்டாட்டியின் முறை. அதற்கு மரியாதை என்று பேர். மிச்சம் இருந்தால் வயிறு நிறையும், இல்லாவிட்டால் மரியாதை நிறையும்.

காவேரி ஒரு வாய் பிட்டுக் குழம்பில் தோய்த்து விழுங்கினாள். வாயைத் திறந்து காட்டச் சொன்னான்; காட்டினாள். கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று தட்டை இழுத்து அள்ளி அள்ளித் தின்றான். விக்கல் எடுத்தது. அவள் சொம்பில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு அவனிடம் நீட்டினாள்.

அவன் இப்படி இருந்தவன் இல்லை. பென்னாகரம் சந்தைக்குப் போனால் பெண்டாட்டிக்கென்று பொரியுருண்டை வாங்கி மடியில் கட்டி வருவான். ஆத்தாளின் கண்ணில் படாமல் கொடுப்பதற்குள் அது நொறுங்கித் தூளாகியிருக்கும். எழுபத்தொன்றாம் வருஷம் மழைக்காலத்தில்தான், பஞ்சாயத்து ரேடியோ தன் பேரைச் சொல்கிறது என்றான். கேட்டவர்கள் சிரித்தார்கள். நிலம் அளக்க வந்தவர்கள் நட்டுவிட்டுப் போன கல்லில் தன் வீட்டுக்குக் குறி போட்டிருக்கிறது என்றான். அதற்கும் சிரித்தார்கள். அளக்க வந்தவர்களுக்குக் காவேரி மோர் கொடுத்தாள் அல்லவா, அவர்கள் கொடுத்த விஷத்தை அவள்தான் களியில் வைக்கிறாள் என்றான். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. பெண்டாட்டி புருஷனுக்குச் சோற்றில் ஏதோ வைத்துவிட்டாள் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ள இடுமருந்து வைப்பார்கள் என்று பிறந்தது முதல் கேட்டு வளர்ந்தவர்கள். ரேடியோவும் அளவுக்கல்லும் அவனுடைய கிறுக்கு. இடுமருந்து மட்டும் ஊருக்குப் பொதுவான நம்பிக்கை.

காவேரி அவனைப் பென்னாகரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். இது மனசுக்கு வந்திருக்கிற நோய், சேலத்தில் இதற்கென்று பெரிய டாக்டர் இருக்கிறார், அதுவரைக்கும் இதைக் கொடு என்று சொல்லி டாக்டர் மாத்திரை எழுதினார். கம்பவுண்டர் அருள்சாமி பொட்டலம் கட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இந்த மாதிரி ஆளுங்க முழுங்க மாட்டாங்கம்மா. தூளாக்கிக் களியில கலந்து குடுத்துடு. தெரியவா போவுது?"

"வேண்டாங்க. கலந்தா அவரு சொல்றது நெசமாயிருமுங்க."

அருள்சாமி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பொட்டலத்தை அப்படியே அவள் கையில் வைத்தார்.

அவள் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நேருக்கு நேராகக் கொடுத்தாள். "நீயும் போடு" என்றான். அரை மாத்திரையைக் கடித்து விழுங்கினாள். பிறகுதான் அவன் போட்டுக்கொண்டான். கடலைக்காட்டில் களை வெட்டும்போது அவளுக்குக் கண் சொருகியது. இரண்டு முறை களைக்கொத்து காலுக்கு மிக அருகில் விழுந்தது. ஆனால் ஒரு மாசத்தில் அவன் ராத்திரி தூங்கினான். ஏர் பூட்டினான். ஒருநாள் கன்றுக்குட்டி தன் துண்டை மென்றுகொண்டிருப்பதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். காவேரி மாட்டுக்கொட்டகைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

குள்ளம்மாள் கெட்டவள் அல்ல. மகன் தேறுவதை அவளும் பார்த்தாள். தெருவில் கேட்ட பேச்சுத்தான் அவளுக்குத் தாங்கவில்லை. தண்ணீர் எடுக்கப் போனால், "உம் மருமவ முதப் பந்தியாமே?" என்று கேட்டார்கள். "பகல்லயே சொக்கிக் கெடக்கறாளாமே, என்னாத்தத் தின்னாளோ?" என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சித்திரையில் மூத்த மகன் பச்சியப்பனை அனுப்பி, இடுமருந்து எடுக்கிறவர் ஒருவரை வரவழைத்தாள்.

வந்தவர் தீர்த்தகிரியை வாசலில் படுக்க வைத்தார். தொப்புளுக்கு மேலே பித்தளைக் குழலை வைத்துக் கன்னம் குழிய உறிஞ்சினார். மூன்றாம் முறை உறிஞ்சி வாழையிலையில் துப்பியபோது, மயிர் சுற்றிய கரிய உருண்டை ஒன்று விழுந்தது. தெரு முழுக்க எட்டிப் பார்த்தது. அது யார் வயிற்றிலிருந்தும் வரவில்லை, அவர் கன்னத்துக்குள்ளிருந்து வந்தது என்று காவேரிக்குத் தெரியும். பத்து வீட்டுச் சனம் பார்த்து நிற்கும்போது ஒருத்திக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

தீர்த்தகிரி எழுந்து உட்கார்ந்து அந்த உருண்டையைப் பார்த்தான். அவன் முகத்தில் பயத்துக்கு மேலே ஒரு நிம்மதி இருந்தது. இத்தனை நாள் தான் ஒருவனாகச் சொன்னதை இப்போது ஊரே சொல்கிறது.

"பாத்தியா ஆத்தா? நான் சொன்னேன்ல?"

"இவரு தின்ன களியத்தானுங்க நானும் தின்னேன்?" என்றாள் காவேரி.

"விசத்துக்கு மாத்து மருந்து தின்னுட்டுத் தின்னிருப்ப. அதான் பகலெல்லாம் சொக்கிக் கெடந்த" என்றார் வந்தவர்.

அன்று மாலை மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் நஞ்சப்பன் இரக்கமாகத்தான் பேசினார்.

"தெரியாத்தனமா செஞ்சுட்டேன்னு ஆத்தா முன்னால கற்பூரம் ஏத்திச் சொல்லிடும்மா. மன்னிச்சு விட்டுடறோம். அடுப்புப் பக்கம் மட்டும் போகக் கூடாது. மத்தபடி உன் புருசன் கூடவே இருந்துக்கோ."

ஒரு வார்த்தை. சொன்னால் அவன் பக்கத்தில் இருக்கலாம். சொல்லாவிட்டால் பிறந்த வீடு. அவள் அவனைப் பார்த்தாள். அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"சொல்லிடு காவேரி. நான் உன்ன ஒண்ணும் செய்ய மாட்டேன். சொல்லிட்டீன்னா நான் பொழச்சிக்குவேன்."

பொய்யையாவது சொல்லி அவன் தலையை மடியில் வைத்துக்கொள்ளலாமே என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. பிறகு தலையை ஆட்டினாள்.

"மாட்டேனுங்க. நான் ஆமான்னு சொன்னா அவரு பயம் நெசமாயிரும். கட்டுனவளே விசம் வெச்சா, அப்பறம் யாரு கையில அவரு ஒரு வாய் வாங்கித் தின்பாரு?"

ஊருக்கு அது திமிராகப்பட்டது. இருட்டுவதற்குள் அவளை அனுப்பிவிட்டார்கள். மாத்திரைப் பொட்டலத்தை மாமியார் கையில் கொடுத்து, "நேரா கையில குடுங்க அத்த, ஒளிச்சுக் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். குள்ளம்மாள் அதைச் சாக்கடையில் கொட்டினாள்.

பன்னிரண்டாம் நாள் அவள் பிறந்த வீட்டுக்கு ஆள் வந்தது. தீர்த்தகிரி ஆத்தாள் நீட்டிய தட்டைத் தள்ளிவிட்டு, "நீயும் அவுங்களோட சேந்துட்டியா? நீ முதல்ல தின்னு" என்றானாம். குள்ளம்மாள் அழுதுகொண்டே தின்று காட்டினாளாம். "மாத்து தின்னுட்டுத் தின்ன" என்று தட்டை அவள் மேலேயே எறிந்துவிட்டானாம்.

காவேரி தம்பி மாதுவோடு போனபோது அவனை வண்டிச்சக்கரத்தில் கட்டிப் போட்டிருந்தார்கள். மணிக்கட்டில் கயிறு அறுத்திருந்தது. சுற்றி நின்றவர்கள் வழிவிட்டார்கள்.

"பைத்தியம் முத்திருச்சும்மா. பெத்த தாயையே சொல்றான்" என்றார் நஞ்சப்பன்.

காவேரி குனிந்து கயிற்றை அவிழ்த்தாள். நிமிராமலே கேட்டாள்:

"என்னயச் சொன்னப்ப தெளிவாத்தான் இருந்தாருங்களா?"

குள்ளம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"சேலத்துக்குப் போலாம் மாமா. ஆஸ்பத்திரிக்கு. பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

அவன் அவளைப் பார்க்காமல் மாதுவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான். இந்த ஊரை விட்டுப் போவது ஒன்றே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படவில்லை. பஸ்ஸில் தலை நிற்காமல் ஆடியது.

தொப்பூரில் பஸ்ஸை நிறுத்தினார்கள். லாரிகள் வரிசையாக நிற்கிற கடை. காவேரி இட்லி வாங்கி வந்தாள்; முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாது வாங்கிக் கொடுத்தான், வேண்டாம் என்றான். சேலம் போய்ச் சேரும்வரை தாங்குவானா என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது. கடைக்காரரிடம் போய், "நீங்களே அவரைக் கூப்புட்டு உக்கார வெச்சுப் போடுங்கண்ணா. எங்களத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க" என்று கெஞ்சிவிட்டு, தம்பியையும் இழுத்துக்கொண்டு ஒரு லாரிக்குப் பின்னால் போய் நின்றாள்.

கடைக்காரர் கூப்பிட்டார். அவன் பெஞ்சில் உட்கார்ந்து நான்கு பக்கமும் பார்த்தான்.

"இந்தப் பக்கம் ஒரு பொம்பள வந்தாளா?"

"பொம்பளையா? யாரும் வரலீங்களே. சூடா இருக்குது, தின்னுங்க."

அவன் தின்றான். ஒன்று, இரண்டு, ஆறு. லாரியின் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு, காவேரி பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிய புருஷன் உயிர் பிழைக்க, அவன் கண்ணில் அவள் படாமல் இருக்க வேண்டியிருந்தது.

அவன் கை கழுவிக்கொண்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவள் ஏறினாள். அவனாகவே பேசினான். எத்தனையோ நாளுக்குப் பிறகு குரலில் பழைய இதம் இருந்தது.

"அந்தக் கடைக்காரன் நல்லவன் காவேரி. அவன் கையில விசம் இல்ல. நீயும் அந்த மாதிரி இருந்திருக்கலாம்ல?"

"அப்பிடித்தான் மாமா இருக்கேன்" என்றாள். கண்டக்டர் விசில் ஊதினார்.