மூச்சை விடுங்கப்பா

ஆஸ்பத்திரியில் எனக்கு ‘மூச்சுப்பிடி’ என்று பெயர். எக்ஸ்ரே அறைக்குள் வருகிறவர்களிடம் நாள் முழுக்க நான் சொல்வது அந்த ஒன்றைத்தான். மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க. பழக்க தோஷத்தில் முழங்கால் வலிக்காரரிடமும் சொல்லிவிடுவேன். முழங்காலுக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர் கேட்டார். சம்பந்தம் இல்லைதான், பிடித்தால் குறைந்தா போய்விடுவீர்கள் என்றேன். அவர் என்மேல் புகார் கொடுக்காமல் போனது அவருடைய பெருந்தன்மை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அது ஆஸ்பத்திரி வாசலோடு சரி. வீட்டில் யாரிடம் நீட்டுவது? மனைவி போய்ச் சேர்ந்த பிறகு கூடத்தில் இரண்டு நாற்காலி மிச்சம். ஒன்றில் நான் உட்காருவேன், இன்னொன்றில் மடிக்காத துணி உட்கார்ந்திருக்கும்.

ஒரே மகள். வீட்டில் அவளுக்குப் பாப்பா என்று பெயர், தலையில் நரை எட்டிப் பார்க்கிற இந்த வயதிலும். ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகிற தூரத்தில் தனியாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, கதவைப் பூட்டினீங்களா. எல்லாவற்றுக்கும் ஆச்சு, ஆச்சு என்பேன். பிறகு அவள் “அப்புறம்?” என்பாள். “அப்புறம் என்ன, நீதான் சொல்லணும்” என்பேன். சொல்வதற்கு இரண்டு பேரிடமும் ஒன்றும் இருக்காது. வைத்துவிடுவோம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘அப்புறம்’ வந்த இடத்தில் அவள் வேறு ஒன்று சொன்னாள். “அப்பா, எனக்கு ஒரு உதவி பண்ணணும்.”

தியானம் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாளாம். படிப்பெல்லாம் முடிந்ததாம். கடைசியாக, இதுவரை தியானமே செய்யாத ஒரு ஆளைப் பிடித்து, தினமும் கூட உட்கார்ந்து பழக்கி, அரை மணி நேரம் நிலையாக உட்கார வைத்துக் காட்ட வேண்டுமாம்.

“உங்களை விட்டா வேற யாரு கிடைப்பாங்க? உங்களுக்குத்தான் ஒரு இடத்துல உக்காரவே வராதே.”

“தினமுமா?”

“தினமும் சாயங்காலம். வீடியோ கால்ல.”

கரும்பு தின்னக் கூலியா என்பார்கள். தினமும் மகள் முகத்தைப் பார்க்கக் கிடைக்கிறது, அதற்கு நான் உதவி செய்தேன் என்று பெயர் வேறு. ஆனால் உடனே சரி என்றால் கௌரவம் என்னாவது? “பாக்கலாம், வேலை இருக்கு” என்று கொஞ்சம் முறுக்கிக்கொண்டேன். அப்படி ஒரு வேலையும் இல்லை.

மனைவியின் தையல் மிஷின் மேல் சர்க்கரை டப்பாவை வைத்து, அதில் போனைச் சாய்த்து, எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முதுகை நிமிர்த்துங்க, கண்ணை மூடுங்க, மூச்சு வர்றதையும் போறதையும் கவனிங்க, அவ்வளவுதான் என்றாள். அவ்வளவுதான் என்று யார் எதைச் சொன்னாலும் நம்பக் கூடாது. கண்ணை மூடியதும் மூக்கு அரித்தது. மூக்கைச் சொறிந்தால் முழங்கால் இழுத்தது. அடுப்படிக் குழாய் சொட்டியது. இத்தனை நாள் அது சொட்டுகிறது என்பதே எனக்குத் தெரியாது. காலையில் கை உடைந்து வந்த பெண், அவளுடைய பையைக் கடைசிவரை கீழே வைக்காமல் பிடித்திருந்த அவள் புருஷன், ஸ்கூட்டரின் பின் டயர், எக்ஸ்ரே மிஷினை அணைத்தேனா இல்லையா என்கிற சந்தேகம் என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தன.

“மனசு ஒரு குரங்குப்பா” என்றாள்.

“குரங்குக்காவது மரம் இருக்கு.”

“எண்ணம் வந்தா துரத்தாதீங்க. வீட்டுக்கு யாரோ வந்திருக்காங்கன்னு நெனச்சுக்குங்க. துரத்தவும் வேண்டாம், உபசாரமும் வேண்டாம். பாத்துட்டு மூச்சுக்குத் திரும்பிடுங்க.”

என் வீட்டுக்கு வருவதே அவர்கள்தான். அவர்களையும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பச் சொல்கிறாளே என்று இருந்தது. இதை அவளிடம் சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் மூச்சில் இருந்தது. எக்ஸ்ரே எடுக்கும்போது எதிரே நிற்பவரோடு நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அவர் எவ்வளவு நேரம் தாங்குவார் என்று எனக்கு அப்படித்தான் தெரியும். வருஷக்கணக்காகச் செய்து அது உடம்போடு ஒட்டிவிட்டது. அதனால் மூச்சைக் கவனி என்றால் என் மார்பு தானாகப் பிடித்துக்கொள்ளும். யாரோ ‘விடுங்க’ என்று சொல்கிறவரை விடாது. சொல்ல வேண்டிய ஆளே நான்தானே.

“அப்பா, முகம் சிவக்குது. மூச்சை விடுங்கப்பா.”

விடுவேன். அடுத்ததைக் கவனிக்கப் போய் மறுபடி பிடித்துக்கொள்வேன். “மூச்சை விடுங்கப்பா” என்று மறுபடி வரும். அவள் அலுத்துக்கொள்ளாமல் சொன்னாள். இந்தப் பொறுமை அவள் அம்மாவிடமிருந்து வந்தது, என் பக்கத்தில் கடன் கேட்டாலும் கிடைக்காத சரக்கு.

ஒரு நாள் திணறல் தாங்காமல் கண்ணைத் திறந்துவிட்டேன். அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். திட்டு விழும் முன் மூடிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. அவள் முகத்தை இப்படி நிதானமாகப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று. சின்ன வயதில் தூங்கும்போது பார்த்ததுதான். வளர்ந்த பிள்ளைகளின் முகத்தை யார் உற்றுப் பார்க்க விடுகிறார்கள்? “என்னப்பா?” என்று கேட்டுவிடுவார்கள். உதட்டோரம் ஒரு கோடு விழுந்திருந்தது, அவள் அம்மாவுக்கு இருந்த அதே கோடு. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மூச்சு இழுக்கும்போது கழுத்தெலும்பு லேசாக ஏறி இறங்கியது. அது ஏறும்போது நான் இழுத்தேன். இறங்கும்போது விட்டேன். எனக்கு வந்துவிட்டது. அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த சில நாளில், கண்ணை மூடிக்கொண்டாலும் அந்த ஏற்ற இறக்கம் உள்ளே ஓடியது. ஒரு மாலை அவள் முடிவு மணி அடித்த பிறகுதான் அன்றைக்கு முழுக்கக் குழாய் சத்தம் காதில் விழவே இல்லை என்று புரிந்தது.

சின்னப் பிள்ளைபோல் அதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னாள், “ஒரு தடவை நல்லா உக்காந்துட்டீங்கன்னா போதும்பா. அப்புறம் நான் தேவையில்ல, நீங்களே உக்காந்துக்கலாம். சரி, இன்னிக்கு எப்படி இருந்துச்சு?”

“ஒரே அலைச்சல்” என்றேன்.

“பரவாயில்லப்பா. நாளைக்குப் பாக்கலாம்.”

நாளைக்கு. எனக்காக ஒருவர் நாளைக்கு என்று சொல்லி எவ்வளவோ நாளாகியிருந்தது. அந்த ஒரு சொல்லுக்காகத் தினமும் பொய் சொல்ல ஆரம்பித்தேன். அரிக்காத மூக்கைச் சொறிந்தேன். இல்லாத இருமலை இருமினேன். அவள் கண் திறக்கிற நேரம் பார்த்துக் காலை மாற்றிப் போட்டேன். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, “என்ன சார், யார்மேலயும் எரிஞ்சு விழ மாட்டேங்கறீங்க, உடம்புக்கு என்ன?” என்று கேட்டார். ஒன்றுமில்லையே என்று சாந்தமாகச் சொன்னதில் அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

இந்தச் சந்தோஷத்தில் பாப்பாவின் முகம் வாடிக்கொண்டே வந்ததைக் கவனிக்காமல் இருந்தேன். இத்தனைக்கும் தினமும் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாலை அவள் கண்ணை மூடவில்லை. “அப்பா, எங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற மேடம் கேட்டாங்க. இவ்வளவு நாளாகியும் உங்கப்பா ஏன் இன்னும் நெளியறாருன்னு. என்கூடச் சேந்தவங்களோட ஆளுங்க எல்லாரும் உக்காந்துட்டாங்க. என்கிட்டதான் ஏதோ கோளாறு போல.”

“சேச்சே, நீ என்ன பண்ணுவே.”

“வெள்ளிக்கிழமை மேடமே கால்ல வந்து உங்களைப் பாக்கப் போறாங்க. அன்னிக்கும் சரியா வரலைன்னா நான் மொதல்லேருந்து மறுபடி செய்யணும்.”

“மறுபடின்னா? என்னோடவா?” என் குரலில் இருந்த ஆசை எனக்கே கேட்டது.

“உங்களோடதான்” என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. “சட்டம் படிச்சேன், பாதியில விட்டேன். வேலையும் அப்படியே. கல்யாணமும்தான். இதையாவது முடிக்கணும்னு இருந்தேன்பா.”

வெள்ளிக்கிழமை வரை என் புத்தி போன போக்கைச் சொன்னால் வெட்கக்கேடு. ஒரே ஒரு இருமல் போதும், இன்னும் பல மாதம் அவள் முகம் எனக்குக் கிடைக்கும். முடிக்காவிட்டால் என்ன, அப்பா கூடவே இருக்கிறேனே என்றுகூட எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். பேசாமல் உண்மையைச் சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். பாப்பா, என்னால் தனியாக இருக்க முடியவில்லை, தினமும் வா என்று. சொன்னால் வருவாள். கடமைக்கு வருவாள். கடமைக்கு வருகிற குரல்தான் ஞாயிறு தோறும் வந்துகொண்டிருக்கிறதே. அவள் தனக்கு வேண்டும் என்று என்னைத் தேடி வந்தது இந்தத் தியானத்துக்கு மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை போனில் இரண்டு கட்டம். ஒன்றில் பாப்பா, ஒன்றில் மேடம். மேடத்துக்கு வெள்ளை முடி, மெல்லிய குரல், ஏமாற்ற முடியாத கண்.

“நான் மணி அடிக்கிறவரைக்கும் கண்ணைத் திறக்காதீங்க சார்.”

பாப்பா தலையை ஒழுங்காக வாரியிருந்தாள். பரீட்சை நாளில் செய்வதுபோல் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். உதட்டோரக் கோட்டையும் கழுத்தெலும்பையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். அவளோடு எனக்கு மிச்சமிருந்தது இந்த அரை மணி நேரம்தான். அதை அவளைப் பார்க்காமலே கழிக்க வேண்டும். கண்ணை மூடினேன்.

மூடியதும் மார்பு பிடித்துக்கொண்டது. இத்தனை நாள் பழகியது ஒன்றும் உதவவில்லை. அவள் குரலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பரீட்சையில் சொல்லிக்கொடுக்க மாட்டார்களே. காது அடைக்க ஆரம்பித்தபோது நானே உள்ளுக்குள் அவள் குரலில் சொல்லிப் பார்த்தேன், மூச்சை விடுங்கப்பா. விட்டது.

வழக்கமானவர்கள் வந்தார்கள். பின் டயர் வந்தது. பையைப் பிடித்திருந்த புருஷன் வந்தான். ஒரு இருமல், ஒரே ஒரு இருமல் என்று அந்த எண்ணமும் வந்து வெகுநேரம் நின்றது. பாப்பாவின் அம்மாவும் வந்தாள். யாரையும் துரத்தவில்லை, உபசாரமும் செய்யவில்லை. அவள் வந்து போனபோது மட்டும் கண்ணோரம் நீர் வழிந்து மூக்கருகே வந்து நின்றது. இத்தனை நாள் பொய்யாகச் சொறிந்த அதே மூக்கு இப்போது நிஜமாகவே அரித்தது. கையைத் தூக்கவில்லை. அரிப்பு இருந்தது, பிறகு இல்லை. எந்த இடத்தில் மணிக்காகக் காத்திருப்பதை விட்டேன் என்று எனக்குத் தெரியாது.

மணி அடித்தது. கண்ணைத் திறந்தேன். ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது, மேடத்துடையது.

“பாப்பா எங்கங்க?”

“நீங்க கண்ணை மூடினதுமே அவங்களை லைன்லேருந்து போகச் சொல்லி மெசேஜ் போட்டுட்டேன் சார். சொல்லிக் கொடுத்தவங்க இல்லாம உக்காருவீங்களான்னு பாக்கறதுதான் பரீட்சையே. அவங்களுக்கும் இது முன்னாடி தெரியாது.” மேடம் சிரித்தார். “ரொம்ப நல்லா சொல்லிக் கொடுத்திருக்காங்க உங்க பொண்ணு.”

நான் தலையை ஆட்டினேன். அரை மணி நேரமாக யாரைப் பார்க்கக் கூடாது என்று கண்ணை இறுக்கிக்கொண்டிருந்தேனோ, அவள் அங்கே இல்லவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் பாப்பா கூப்பிட்டாள். அழுகையும் சிரிப்புமாக, “முடிச்சுட்டேன்பா” என்றாள். அந்தக் குரலைக் கேட்டு நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். அதில் கலப்படம் இல்லை. யார் யாருக்கு முதலில் சொன்னாள், எங்கே வகுப்பு எடுக்கப் போகிறாள் என்று மூச்சு விடாமல் பேசினாள்.

“அப்புறம்?” என்றாள்.

“அப்புறம் என்ன, நீதான் சொல்லணும்.”

“ஞாயித்துக்கிழமை பேசறேன்பா.”

மறுநாள் சாயங்காலம் அந்த நேரத்துக்குக் கால் தானாக நாற்காலிக்குப் போனது. சர்க்கரை டப்பாவில் போன் சாய்ந்திருந்தது. அது அடிக்காது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கண்ணை மூடினேன். குழாய் சொட்டியது. மூக்கு அரித்தது, சொறிந்தேன். முழங்கால் இழுத்தது, மாற்றிப் போட்டேன். மூச்சு பிடித்துக்கொண்டது. ஒரு நிமிஷம்கூட மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. எப்படியோ அரை மணியை ஓட்டிவிட்டுக் கண்ணைத் திறந்தேன்.

“ஒரே அலைச்சல்” என்றேன். இந்தத் தடவை பொய் இல்லை.

இன்னொரு நாற்காலியில் துணி இருந்தது. வெளியே யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். பதில் சொல்ல யாரும் இல்லாததால் அதையும் நானே சொல்ல வேண்டியிருந்தது.

“பரவாயில்லப்பா. நாளைக்குப் பாக்கலாம்.”