ஏழாம் கிடங்கைக் கழுவியவர்கள்

துறைமுகத்தின் ஏழாம் கிடங்கை இரண்டு பெண்கள் காலையிலிருந்து கழுவிக்கொண்டிருந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் சண்டை. அங்கிருந்து தப்பி வந்த நூற்றுப்பத்துப் பேரோடு ஒரு படகு இரண்டு நாளாகத் துறைக்கு வெளியே நின்றது. கழுவிய இருவரில் மூத்தவளின் தங்கை கைக்குழந்தையோடு அதில் இருந்தாள். ஒன்பது வருடத்துக்கு முன் மூத்தவளும் அப்படி வந்தவள்தான்.

"கழுவிட்டு ஈரமில்லாமத் துடைச்சு வைங்க" என்று மட்டும் மேஸ்திரி சொல்லியிருந்தார். யாருக்கென்று அவர் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை. கேட்பானேன்?

"இந்தத் தேய் தேய்க்கிறியே அக்கா, உன் தங்கச்சி தரையிலயா சோறு போட்டுத் திங்கப் போறா?" என்றாள் கூடக் கழுவிக்கொண்டிருந்த நெட்டச்சி.

"பிள்ளை தவழுற வயசுடி. கிடைச்சதை வாயில போட்டுக்கும்." மூத்தவள் துருப்பிடித்த ஆணிகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

மதியம் லாரிகள் வந்தன. ஆட்கள் இறங்கவில்லை. பச்சைப் பெட்டிகள் இறங்கின.

"என்ன மேஸ்திரி இது?" என்றாள் மூத்தவள்.

"பீரங்கிக் குண்டு. வெளிநாட்டுல வாங்கினது. இன்னும் ரெண்டு கப்பல் வருது."

"அப்போ படகுல இருக்கிறவங்க?"

"திருப்பி அனுப்பச் சொல்லியாச்சும்மா. வருசத்துக்கு இத்தனை பேருன்னு ஒரு கணக்கு இருக்கு. நிரம்பிருச்சு. இனி இடமில்லையாம்."

"பெட்டிக்கு அந்தக் கணக்குக் கிடையாதா?"

"என்னைக் கேட்டா? நான் என்ன மந்திரியா?"

"அவளுக்கு யாரும் இடம் தர வேணாம். என் பாயிலயே படுத்துக்கட்டும். மேல ஒரு வார்த்தை சொல்லுங்க."

"உன் பாயை யாரும்மா கேட்டா? நாட்டுலயே இடமில்லைங்கிறாங்க."

"அக்கா, விடு. இருக்கிற வேலையும் போயிரும்."

"போகட்டும்டி. முட்டி தேயத் தேயக் கழுவினேனே, குண்டுக்கா கழுவினேன்?"

மேஸ்திரி சுமைக்காரர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நெருக்கி அடுக்காதீங்கப்பா. சூடு ஆகாது, காத்து போகணும். ரெண்டு பெட்டிக்கு நடுவுல ஒரு முழம் விடுங்க."

சுவரோரம் நான்கு பெரிய மின்விசிறிகள் சுழலத் தொடங்கின.

மூத்தவள் வாசலுக்கு வந்தாள். இழுவைப் படகு கயிற்றை இறுக்கி அந்தப் படகைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது. உட்கார இடமின்றி எல்லோரும் நின்றிருந்தார்கள். தோளோடு தோள் ஒட்டி நின்ற கூட்டத்தில் குழந்தை யார் கையில் இருக்கிறதென்று தெரியவில்லை.