எண்ணெய் கிளட்ச்

மாரிக்கண்ணனின் இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் சரியாக மடங்காது. பட்டாசுக் கம்பெனியில் தீப்பிடித்த அன்று வெந்து, ஆறி, அப்படியே விறைத்துவிட்டன. அதன்பின் அச்சகத்திலிருந்து கம்பெனிகளுக்கு லேபிள் கட்டுகளைக் கொண்டுபோய்ப் போடும் வேலைக்கு வந்தான். அதற்கு அவனுடைய பழைய பெரிய பைக் தோதாக இருந்தது. கிளட்ச் லீவர்தான் கல்லாக இருந்தது. கேபிளை இழுத்து இழுத்து, விஸ்வநத்தம் போய்த் திரும்புவதற்குள் மணிக்கட்டு வீங்கிவிடும். மொபெட் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அவனுக்கு மனசில்லை.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம் தீபாவளி சீசன் தொடங்குமுன் மெக்கானிக் சங்கையா ஒரு வழி சொன்னார். மதுரையில் அவர் பிரித்துப் பார்த்த வெளிநாட்டு பைக்கில் கிளட்சுக்குக் கேபிளே இல்லையாம். டிஸ்க் பிரேக் மாதிரி, லீவரை அமுக்கினால் எண்ணெய் போய்த் தள்ளுமாம். பழைய பிரேக் சாமான்களை வைத்து நான்கு நாளில் அப்படி ஒன்றைச் செய்து மாட்டிவிட்டார். லீவர் வெண்ணெயாக இறங்கியது. அன்று சாயங்காலம் மாரிக்கண்ணன் வேலையே இல்லாமல் ஊரை மூன்று சுற்றுச் சுற்றினான்.

ஒரு குறை இருந்தது. கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று மரத்துப்போன விரல்களுக்குத் தெரியவில்லை. வண்டி அடிக்கடி துள்ளியது. பாடுபட்டுச் செய்தவரிடம் அதைச் சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

அதை மாட்டிய மூன்றாவது ஞாயிறு, மனைவி இசைவாணியோடு தாயில்பட்டியில் அவள் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, லீவர் தொளதொளவென்று கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. வண்டி குலுங்கி நின்றது. தார் ரோட்டில் எண்ணெய் சொட்டியது. உச்சி வெயில், ஒதுங்க மரமில்லை.

கிளட்ச் இல்லாமல் வண்டி ஓடவே ஓடாதா என்று இசைவாணி கேட்டாள். ஓடும், நியூட்ரலில் ஸ்டார்ட் பண்ணித் தள்ளி, உருளும்போது கியரைப் போட வேண்டும், ஆனால் நடுவில் நிறுத்த முடியாது என்றான்.

"நான் தள்ளுதேன். உருண்டதும் ஏறிக்கிடுதேன்."

"விழுந்துருவ."

"ஓடுத மினி பஸ்ல தெனமும் ஏறுதவதான நான். நீங்க முன்னால பாருங்க."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினாள். அவன் கியரைப் போட்டான்; வண்டி பாய்ந்தது. கூடவே ஓடி வந்து அவன் தோளைப் பிடித்து எகிறிப் பின்னால் உட்கார்ந்தாள். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வழியில் ஆட்டு மந்தை ஒன்றைச் சுற்றிப் புழுதியில் இறங்கி ஏறி, சங்கையா பட்டறை வாசலில் என்ஜினை அணைத்துத்தான் நின்றார்கள்.

சங்கையா எண்ணெயைத் தொட்டு மோந்து பார்த்தார்.

"இதுல என்னத்த ஊத்துன?"

எண்ணெய் குறைந்திருந்ததால் என்ஜின் ஆயிலை ஊற்றியதாக மாரிக்கண்ணன் ஒப்புக்கொண்டான். அதில்தான் உள்ளே எண்ணெயை அடைத்து நிற்கும் ரப்பர் ஊதிக் கிழிந்திருந்தது. அவர் திட்டவில்லை, புது ரப்பர் போட்டு, பிரேக் ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்றார். அப்போதுதான் அவன் வாயைத் திறந்தான்.

"லேசாத்தாண்ணே இருக்கு. ஆனா எங்கன புடிக்குதுன்னு தெரியல. கேபிள்னா மணிக்கட்டுக்காவது தெரியும்."

"இத மொதல்லயே சொல்லுததுக்கு என்ன?" என்றவர், எண்ணெய் கிளட்சைக் கழற்றிவிட்டு, என்ஜின் பக்கம் கேபிள் இழுக்கிற இரும்புக் கையை ஒரு அங்குலம் நீளமாக வெல்டிங் வைத்து, புதுக் கேபிளை நெளிவில்லாமல் ஓட்டிக் கொடுத்தார். எண்ணெய் அளவுக்கு மெதுமெதுப்பில்லை. பழைய கல்லும் இல்லை. அந்த சீசன் முழுக்க மாரிக்கண்ணனின் மணிக்கட்டு வீங்கவில்லை.

தீபாவளி கழிந்த ஞாயிறு, தனக்கும் ஓட்டக் கற்றுத் தரச் சொன்னாள் இசைவாணி. விஸ்வநத்தம் பொட்டலில் நான்கு தரம் கிளட்சை வெடுக்கென்று விட்டு வண்டியை அணையவிட்டாள். ஐந்தாவது தரம் அது துள்ளாமல் கிளம்பிற்று.